கடைசி வரிசை, இடப்பக்கம்

கூட்டம் குன்னூரில், பெரிய ஓட்டலில்.
நுழைவுக் கட்டணம் ஆறாயிரம், மதியச் சாப்பாடு சேர்த்து.
பச்சைக் கொழுந்து கிலோ பத்தொன்பதுக்குப் போகிற மாதத்தில்
ஆறாயிரம் என்றால்
முந்நூற்றுச் சொச்சம் கிலோ.
கணக்குப் போட்டேன். போகவில்லை.

நான் இருந்தது கோத்தகிரிக்கு மேலே,
எங்கள் வாட்டறை மாடியில்.
மழையில் பறித்த கொழுந்து, தொட்டி நிறைய,
தண்ணீரைச் சீக்கிரம் விடாது.
புரட்டிவிட வரவேண்டிய இருவரும்
ஒரே கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

மாடியில் சிக்னல் கிழக்கு ஜன்னலில் மட்டும்.
மூன்றாம் கம்பிக்கும் நான்காம் கம்பிக்கும் நடுவே
போனைச் செருகிவைத்தால்
கூட்டம் மொத்தமும் ஜன்னலுக்கு வந்து நிற்கும்.
#குன்னூர்க்கோப்பை என்று தட்டினேன்.
முதலில் குத்துவிளக்கு, ஒன்பது கோணத்தில்.
பிறகு ஆளுக்கொரு கழுத்தட்டை, ஆளுக்கொரு செல்ஃபி.
பிறகு யாரோ ஒருவரின் தலை மறைத்த
ஏற்றுமதிப் புள்ளிவிவரம்.
நடுநடுவே, பாவம், ஒரு மனிதர்
‘சாக்கு, உறை, பெட்டி, எல்லா அளவிலும் கிடைக்கும்’ என்று
ஆறு முறை போட்டிருந்தார்.
ஒருவரும் தொடவில்லை.

பதினொன்று இருபதுக்கு ஒரு படம்:
வெள்ளைத் துணி, வரிசையாகப் பன்னிரண்டு கோப்பை.
இரண்டு விரலால் அகட்டினேன்.
‘ஐந்தாவது, கால்மணி நேரம் கூடுதலாகப் புளித்தது.
விளிம்பைப் பாருங்கள், செம்பு மங்கிவிட்டது’
என்று கீழே எழுதிவிட்டு
மூன்றாம் தொட்டியைப் புரட்டப் போனேன்.

திரும்பி வந்தால்
நாற்பத்தொரு இதயம், ஒரு சண்டை,
ராஜ்கோட் வியாபாரியிடமிருந்து ஒரு கேள்வி:
எந்த வரிசையில் இருக்கிறீர்கள்?

கையெல்லாம் கொழுந்துச் சாறு,
கண்ணாடித் திரை விரலை மதிக்கவில்லை.
பாவாடையில் துடைத்துத் துடைத்து எழுதினேன்:
கடைசி வரிசை, இடப்பக்கம்.
பொய் சொல்ல நினைக்கவில்லை.
ஒன்றாம் வகுப்பிலிருந்து
அதுதான் என் இடம்.

அடுத்த படத்தில் மேடைத்திரை முழுக்க என் வரி,
எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம்.
நேரலையில் தொகுப்பாளர் அழைக்கிறார்:
இதை எழுதியவர் தயவுசெய்து எழுந்து
...
வட்டம் சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
நான்,
என்ன பைத்தியமோ,
விசிறி இரைச்சலுக்கு நடுவில்
எழுந்து நின்றேன்.

படம் திரும்ப உயிர்பெற்றபோது
நீல ஸ்வெட்டர் போட்ட ஒருவர்
கடைசி வரிசையில் நின்று
கைதட்டலுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

நாலரைக்குத் தனிச்செய்தி வந்தது:
‘மேடம், மன்னிக்கணும். காரமடை நஞ்சப்பன், சாக்கு வியாபாரம்.
காலையிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை.
உங்க இடம் சும்மா கிடந்தது, எழுந்துட்டேன்.
கம்பெனிப் பிரதிநிதின்னு மட்டும்தான் சொன்னேன்.
கார்டு பதினாலு சேர்ந்திருக்கு. ராஜ்கோட்காரர்
இருநூறு கிராம் சாம்பிள் கேட்கிறார்.
ஐந்தாவது கோப்பைக்காரர் கோபமா இருக்கார்,
அவர் கார்டு தரலை.’

பதினாலு கார்டும் ஒவ்வொன்றாக வந்தன,
ஓட்டல் மேசை விரிப்பின் மேல் வைத்து எடுத்த படங்கள்.
இரண்டில் அவர் கட்டைவிரல்.
திட்டத்தான் ஆரம்பித்தேன்.
எழுதி முடித்தபோது அது
‘உள்ளே தாள் ஒட்டிய சாக்கு, இருபது கிலோ அளவு,
என்ன விலை?’ என்றிருந்தது.

இருட்டும் நேரம் கடைசியாக ஒன்று போட்டார்கள்,
அரங்கம் முழுவதும் தெரிகிற மாதிரி, காலையில் எடுத்தது.
அகட்டிக்கொண்டே போனேன்,
கடைசி வரிசை, இடப்பக்கம்.
நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார்,
மாதிரிச் சாக்குப் பையை மடியில் அணைத்துக்கொண்டு.
பக்கத்து நாற்காலி காலி.
பையை அதில் வைத்திருக்கலாம்.
வைக்கவில்லை.

அதற்குள் இரண்டாம் தொட்டி விசிறி நின்றுபோனது.
போனைக் கம்பியில் விட்டுவிட்டு ஓடினேன்.